விளக்கின் விலையும் நமது கடமையும்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடுதோறும் ஒரே நாடகம் நடைபெறுகிறது. மின்வாரியத்து ஊழியர் வருகிறார், மீட்டரைப் பார்க்கிறார், கணக்கைக் குறித்துவிட்டுப் போகிறார். குடும்பத் தலைவர் தொகையைக் கண்டு திடுக்கிட்டு, "போன தடவையைவிட இவ்வளவு அதிகமா?" என்று மனைவியைக் கேட்கிறார். மனைவி பிள்ளைகளைப் பார்க்கிறாள். பிள்ளைகள் மின்விசிறியைப் பார்க்கின்றனர். முடிவில் எல்லோருமாகச் சேர்ந்து சர்க்காரை வைகின்றனர். தொகை கட்டப்படுகிறது, விஷயம் மறக்கப்படுகிறது. இரண்டு மாதம் சென்றதும் அதே நாடகம் மீண்டும் அரங்கேறுகிறது.

சர்க்காரைக் கண்டிப்பது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. கண்டிக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. அவற்றைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு நாம் விடை தேட வேண்டும். இந்தத் தொகையில் எவ்வளவு நம் கைக்குள் அடங்கியது என்பது முதல் கேள்வி. நாம் பணமாகக் கொடுக்கும் விலைக்கு மேல், நம் வீட்டு விளக்குக்காக வேறு யார் என்ன விலை கொடுக்கின்றனர் என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை வேறு ஜில்லாவார் கேட்காமல் இருந்துவிடலாம். கடலூர் ஜில்லாவார் கேட்காமல் இருத்தல் இயலாது. ஏனெனில் அதன் விடை நம் கண்ணெதிரே, நெய்வேலியில் கிடக்கிறது.

நெய்வேலியின் சரித்திரத்தை நம்மவர் அறிவர். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரியென்று ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. சுதந்திரம் பெற்ற தேசம் அதைத் தன் பெருஞ்செல்வமாகக் கொண்டது. 1956-ஆம் வருஷத்தில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-ஆம் வருஷம் மே மாதம் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-இல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று. ஏறக்குறைய அறுபது வருஷம் உழைத்து, 2020-இல் அந்நிலையம் ஓய்வு பெற்றது. அதன் பின்வந்த நிலையங்கள் இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. தென்னாட்டுத் தொழில் வளர்ச்சியில் நெய்வேலிக்குள்ள பங்கை எவரும் மறுக்க முடியாது. அது நமக்குப் பெருமையே.

ஆனால் பெருமையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நெய்வேலிக் கரி உயர்ந்த தரத்துக் கரியன்று. ஈரம் மிகுந்தது, சூடு குறைந்தது. ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரி எரிய வேண்டியிருக்கிறது. அக்கரியோ பூமிக்கடியில் வெகு ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் கரியை எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்குக் குறையாத மண்ணை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். கரிப்படிவத்தின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கமே மூழ்கிப் போகும். ஆக, நம் வீட்டில் யாருமில்லாத அறையில் ஒரு யூனிட் வீணாகும்போது, எங்கோ ஒரு கிலோ கரி சாம்பலாகிறது. ஐந்து லிட்டர் கொள்ளும் பாத்திரம் நிறைய மண் தோண்டப்படுகிறது. நிலத்தடி நீரும் கொஞ்சம் போகிறது. இவற்றில் எதுவும் மீட்டரில் பதிவாவதில்லை.

மண் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டோம். அந்த மண்ணின்மேல் ஊர்கள் இருந்தன. கோயிலும் குளமும் பள்ளிக்கூடமும் இடுகாடும் இருந்தன. சுரங்கம் விரிந்தபோதெல்லாம் ஜனங்கள் பெயர்ந்து போயினர். 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரவனாற்றின் போக்கைத் திருப்புவதற்காக, கதிர் முற்றாத நெல் வயலில் மண் தோண்டும் யந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டதென்றும், இழப்பீடு கொடுக்கப்பட்டதென்றும் நிறுவனத்தார் கூறினர். நிலம் எவருடையதாயினும் விளையும் பயிரை அழிப்பதா என்று தேசமே கேட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சட்டத்தின் தீர்ப்பு எதுவாயினும், பச்சை நெல்லின்மேல் சக்கரம் ஏறிய காட்சியைக் கண்ட எந்தக் குடியானவன் மனமும் ஆறவில்லை.

அதே வருஷம் ஏப்ரல் மாதம் மற்றொரு செய்தி வந்தது. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பகுதியும் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய நம் ஜில்லாப் பகுதிகள் 2020-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் அடங்கியவை. வீராணத்து நீரும் கொள்ளிடத்து நீரும் பாயும் பூமி அது. நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. சட்டசபையிலும் குரல் எழுந்தது. மத்திய சர்க்கார் அப்பகுதியைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வெற்றிதான். ஆனால் பூமிக்கடியிலுள்ள கரி அங்கேயேதான் இருக்கிறது. மின்சாரப் பசி தணியாதவரை, அதன்மேல் வைத்த கண்ணும் அகலாது.

உயிரின் விலையும் உண்டு. 2020-ஆம் வருஷம் மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துக்கள் நேர்ந்தன. பல தொழிலாளர் மாண்டனர். நாம் சுவரிலுள்ள விசையைத் தட்டியதும் ஒளி வருகிறது. அந்த ஒளியின் மறுமுனையில் மனிதர் நிற்கின்றனர் என்பதை அப்போதுதான் சிலர் நினைத்தனர்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடக் கூடும். "நெய்வேலி மின்சாரம் பல ராஜ்யங்களுக்குப் போகிறது, நம் வீட்டுக்குக் காற்றாலையிலிருந்தும் அணையிலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் மின்சாரம் வருகிறது, எல்லாம் ஒரே கம்பியில் கலந்து ஓடுகிறது, நான் ஒரு விளக்கை அணைத்தால் சுரங்கம் நின்றுவிடுமா?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு வீட்டால் சுரங்கம் நில்லாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கணக்கின் ஒரு பகுதியை அவர் விட்டுவிட்டார். காற்றும் வெயிலும் தம் வேளையில் வருவன. பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கேறும் வேளையில் வெயில் மின்சாரம் அடங்கிவிடுகிறது. காற்று வீசும் காலமும் வருஷத்தில் சில மாதங்களே. மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை ராஜ்யம் முழுவதும் ஒரே சமயத்தில் கை நீட்டும்போது, அந்தக் கையில் பெரும்பாலும் கரி மின்சாரமே விழுகிறது. புதிய நிலையங்களும் புதிய சுரங்கங்களும் வேண்டுமென்று கேட்போர் அந்த நாலு மணி நேரத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றனர். அந்த நாலு மணி நேரமோ முற்றிலும் நம் வீட்டுக்குள் இருக்கிறது.

இனி நம் பேச்சு தேச ஊழியர்களை நோக்கியது. வளையமாதேவிக்காகக் கூட்டம் கூட்டியவர்கள், தீர்மானம் நிறைவேற்றியவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள் இப்பத்திரிகையின் வாசகர்களில் பலர். அவர்களை ஒன்று கேட்க விரும்புகிறோம். அன்று கூட்டம் முடிந்து வீடு திரும்பியபோது, தாழ்வாரத்து விளக்கு யாருக்காக எரிந்துகொண்டிருந்தது? அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்ன தலைவர்கள் முதலில் தம் உடம்பின் மேலிருந்த துணியைக் கழற்றி எறிந்தார்கள். அதன் பிறகே ஊராரைப் பார்த்துப் பேசினார்கள். 1927-இல் நீல் சிலை சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்த அஞ்சலையம்மாள் கடலூர்க்காரர். சொல்லும் செயலும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதை இந்த ஊருக்குப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுரங்கம் வேண்டாமென்பவர் தம் வீட்டு மீட்டருக்கு முன் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்த நிமிஷம் அவர் வாதத்துக்குப் பத்து மேடைகளின் பலத்தைத் தரும்.

நிற்க. நம் பாட்டிமார் விளக்குச் சிக்கனத்தை யாரிடமும் படித்தறியவில்லை. சீமெண்ணெய் விளக்குக் காலத்தில், கண்ணாடிக் குப்பிக்குள் எண்ணெய் இறங்குவதைக் கண்ணால் காணலாம். ஆகையால், "பேச்சுக்கு வெளிச்சம் எதற்கு? திரியைத் தணித்து வை" என்பது வீட்டு வழக்கமாயிருந்தது. மின்சாரத்தில் அந்தக் குப்பி இல்லை. செலவாவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுபது நாள் சென்ற பிறகு ஒரு தொகை மட்டும் தெரிகிறது. நம்முடைய வீண் செலவு பேராசையால் வந்ததன்று, காணாமையால் வந்தது. எனவே முதல் பரிகாரம் காண்பதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரின் எண்ணைத் தினசரிக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வாருங்கள். காசு ஒன்றும் செலவில்லை. எந்த வாரம் ஏறியது, ஏன் ஏறியது என்பது தானே விளங்கும்.

இவ்வாறு குறிப்பது ஏன் அவசியமென்பதற்குக் கட்டணத்தின் அமைப்பை அறிய வேண்டும். 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் புதிய கட்டண விகிதம் வந்தது. அதன்படி 500 யூனிட்டுக்குள் அடங்கினால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினாலோ, இரண்டாவது நூற்றுக்கிருந்த சலுகை மறைந்து அதற்கும் 4 ரூபாய் 50 காசு விழும். 500-க்கு மேற்பட்டவற்றுக்கு 8 ரூபாயில் தொடங்கி ஏறும். ஆகவே சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் எரித்தவருக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பின்னர் விகிதங்கள் மாறியதுண்டு, இனியும் மாறலாம். ஆனால் படிப்படியாக ஏறும் கட்டணத்தில், கடைசியாக எரிக்கும் யூனிட்டே விலை மிகுந்தது என்ற உண்மை மாறாது. சிக்கனம் செய்பவர் குறைப்பது அந்த விலை மிகுந்த யூனிட்டையே.

சிதம்பரம் வடக்கு வீதியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவின் வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் நாலு. ஒவ்வொன்றும் நாளைக்குச் சராசரி 12 மணி நேரம் சுழல்கிறது. இரண்டு மாதத்தில் விசிறிக்கு மட்டும் 216 யூனிட். சோக்குடன் கூடிய பழைய குழல் விளக்குகள் நாலு; ஒவ்வொன்றும் சுமார் 50 வாட்; நாளைக்கு 6 மணி நேரம். அதற்கு 72 யூனிட். குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், வெந்நீர்க் கருவி, மாவரைக்கும் யந்திரம், தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து 240. ஆக மொத்தம் 528 யூனிட். மேற்சொன்ன 2022-ஆம் வருஷத்து விகிதப்படி கட்டணம் 2,174 ரூபாய்.

இப்போது அவர் பழைய விசிறிகளுக்குப் பதில், பி.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லும் 30 வாட் விசிறிகளை மாட்டுகிறார். குழல் விளக்குகளுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. விளக்குகளை வைக்கிறார். காற்றும் குறையவில்லை, வெளிச்சமும் குறையவில்லை. விசிறியில் சுமார் 130 யூனிட்டும் விளக்கில் 43 யூனிட்டும் மிச்சம். செலவு 355 யூனிட்டாக இறங்குகிறது. கட்டணம் 922 ரூபாய் 50 காசு. மின்சாரம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. பணமோ பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! இவற்றை வாங்கச் சுமார் 12,000 ரூபாய் பிடிக்கலாம். தடவைக்கு 1,250 ரூபாய் மிச்சமானால் இரண்டு வருஷத்துக்குள் போட்ட முதல் திரும்பிவிடும். அதன் பின் வருவதெல்லாம் லாபம். ஒரே தடவையில் வாங்க வசதியில்லாதவர், இரவு முழுதும் சுழலும் படுக்கையறை விசிறி ஒன்றை முதலில் மாற்றட்டும். சுவாமி அறையில் எப்போதோ சுழலும் விசிறிக்கு அவசரமில்லை.

மற்ற வழிகளைச் சுருங்கச் சொல்வோம். வெந்நீர்க் கருவி சாதாரணமாக 2,000 வாட் இழுப்பது. அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட். நம் கோடையில் மாடித் தொட்டித் தண்ணீரே பகலில் கொதிக்கும்போது அதைத் தொடுவானேன்? குளிர்பதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். சூடு ஆறாத பாத்திரத்தை உள்ளே வைத்தலாகாது. ஏ.சி. வைத்திருப்போர், 2020 முதல் புதிய யந்திரங்களில் 24 டிகிரியே தொடக்க அளவாக விதிக்கப்பட்டதை அறிந்திருக்கலாம். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய சர்க்காரின் எரிசக்திச் சிக்கன அலுவலகத்தின் கணக்கு. 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்ளுவது சுகமன்று, பரிகாசம்.

தொலைக்காட்சிப் பெட்டியைக் கையிலுள்ள கருவியால் அணைத்துவிட்டால் அணைந்ததாகாது. அதனுடன் சேர்ந்த சிறிய பெட்டி இரவெல்லாம் விழித்திருந்து மின்சாரம் குடிக்கிறது. பத்து வாட்தான், ஆனால் ஓயாத பத்து வாட் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேலாகும். இதைப் போன்றதே இன்வெர்ட்டரும். 2012-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் ஜில்லாவின் மின்கம்பங்களைச் சாய்த்தது. ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கம்பங்கள் நிமிர்ந்த பின்னும் நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. அக்காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும் பழகிப்போன பாட்டரியும் மின்வெட்டு நீங்கிய பின்னும் பல வீடுகளில் மூலையில் உட்கார்ந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. தேவையானால் வைத்துக்கொள்ளலாம், தேவையா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு கட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. சிதம்பரத்து மாட வீதிகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் முற்றம் உண்டு, உயர்ந்த ஓட்டுக்கூரை உண்டு, திண்ணை உண்டு. பகலில் விளக்கும் வேண்டாம், விசிறியும் அதிகம் வேண்டாம். இன்று நாம் நாலு புறமும் அடைத்து, சிமெண்டுப் பெட்டி கட்டி, நடுப்பகலில் உள்ளே விளக்கேற்றிக்கொண்டு, மொட்டை மாடியின் சூட்டைத் தணிக்க யந்திரம் வாங்குகிறோம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், எதிரெதிராக ஜன்னல் வைத்தல், மேற்கு வெயிலுக்கு ஒரு வேப்பமரம் வளர்த்தல் ஆகியவை விஞ்ஞானத்துக்கு மாறானவை அல்ல. விஞ்ஞானமே இவற்றைத்தான் சொல்கிறது. கடலூர்க்காரருக்கோ தேவனாம்பட்டினத்திலிருந்து மாலைதோறும் வரும் கடற்காற்று இருக்கிறது. அதற்கு மீட்டர் இல்லை.

சொந்த மாடியுள்ளோர் சூரிய மின்தகடு அமைத்துக்கொள்ளலாம். 2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் தொடங்கிய மத்திய சர்க்கார்த் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாயும் உதவித் தொகை அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு வெயில் காலத்தில் நாளைக்கு ஏறக்குறைய நாலு யூனிட் தரும். புயல் வீசும் கரையாதலால் அதைப் பலமாகப் பிணைத்து வைக்க வேண்டும். ஆனால் வாடகை வீட்டாருக்கும் கூரை வீட்டாருக்கும் இது எட்டாத விஷயம். அவர்களுக்கும் எட்டக் கூடியது சிக்கனம் ஒன்றே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஏழையைப் பார்த்துச் சிக்கனம் உபதேசிப்பது நம் நோக்கமன்று. ஒரு விளக்கும் ஒரு விசிறியும் வைத்துக்கொண்டு 100 யூனிட்டுக்குள் காலம் தள்ளும் குடும்பத்திடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டுமே யல்லாது, அதற்குக் கற்பிக்க யோக்கியதை நமக்கில்லை. அக்குடும்பத்துக்கு இன்னும் ஒரு விளக்கு கிடைக்க வேண்டும். அங்கே படிக்கும் குழந்தைக்கு இன்னும் நல்ல வெளிச்சம் வேண்டும். அது வீண் செலவாகாது. நாம் பேசுவது மிஞ்சி எரிப்பவரைப் பற்றியே. இலவசம் என்ற சொல்லாலும் மயங்கலாகாது. நாம் விலை கொடாத யூனிட்டுக்குப் பொதுக் கஜானா விலை கொடுக்கிறது. கஜானாவுக்குப் பணம் கொடுப்பவன் தீப்பெட்டி வாங்கும் ஏழையுந்தான்.

கட்சிகளின் வழக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எந்தக் கட்சியாயினும் சரி, ஒரு தலைவர் வருகிறாரென்றால் மைல் கணக்கில் அலங்கார விளக்குத் தோரணம். பேச்சு முடிந்து நள்ளிரவான பின்னும் அவை எரிகின்றன. சில இடங்களில் கம்பத்துக் கம்பியிலேயே கொக்கி மாட்டி மின்சாரம் எடுக்கப்படுவதும் ஊரறிந்த இரகசியம். குடியானவனின் நிலத்தைக் காப்போம் என்று முழங்கும் மேடைக்கு, அந்த நிலத்தை விழுங்கும் கரியால் அலங்காரம் செய்தல் தகுமா? நம் கூட்டங்கள் மாலை வெளிச்சத்திலேயே தொடங்கி, தேவையான விளக்கோடு, நேரத்தில் முடியட்டும். பேச்சாளருக்குச் சற்றுக் கஷ்டமாயிருக்கலாம். கேட்போருக்கு உபகாரமாகவே இருக்கும்.

இவ்வளவும் நம் கடமை. நம் கடமையைச் செய்தபின் சர்க்காரைக் கேட்கும் உரிமை இரட்டிப்பாகிறது. முதலாவது, மீட்டரைக் குறித்த நாளில் பார்க்க வேண்டும். சில நாட்கள் தள்ளிப் பார்த்தால் 500-க்குள் அடங்க வேண்டியவர் அதைத் தாண்டிவிடுவார். தம் குற்றமின்றித் தண்டம் கட்டுவார். மாதந்தோறும் கணக்கெடுக்கும் முறையை ஜனங்கள் கோருவது இதனால்தான். இரண்டாவது, தெரு விளக்குகள் சூரியோதயத்துக்குப் பின் எரிவதும், சர்க்கார் அலுவலகங்களில் காலி நாற்காலிகளுக்கு விசிறி சுழல்வதும் நிற்க வேண்டும். சிக்கனம் கச்சேரி வாசலில் தொடங்கினால் வீட்டு வாசலுக்குத் தானே வரும். மூன்றாவது, 2015-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் எல்.இ.டி. விளக்குகளை மொத்தமாக வாங்கி மலிவாகக் கொடுத்ததால் அவற்றின் விலை கடைகளிலும் வெகுவாக இறங்கிற்று. சிக்கன விசிறிகளையும் அவ்வாறே வாங்கி, கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் தவணையில் கொடுத்து, மின் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கலாம். மாதச் சம்பளக்காரனுக்கு 3,000 ரூபாய் ஒரே சமயத்தில் பாரம். தடவைக்கு 300 ரூபாய் பாரமாகாது. நான்காவது, கம்பியிலும் மின்மாற்றியிலும் வழியில் வீணாகும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பவன் கிணற்றை ஆழமாக்கிப் பயனில்லை.

ஜனங்கள் ஒன்றுபட்டுச் செய்தால் என்ன ஆகுமென்பதற்கு உலகத்தில் உதாரணம் உண்டு. 2011-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஜப்பானில் பூகம்பமும் கடற்கோளும் வந்து, புகுஷிமா அணு மின் நிலையம் பாழாயிற்று. அவ்வருஷக் கோடையில் டோக்கியோ பிரதேசத்தில் நூற்றுக்கு 15 பங்கு மின்சாரத்தைக் குறைக்க வேண்டுமென்று அந்நாட்டு சர்க்கார் கேட்டது; பெரிய ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கட்டளையாகவும், வீடுகளுக்கு வேண்டுகோளாகவும் கேட்டது. ஜனங்கள் விளக்கைக் குறைத்தனர், ஏ.சி.யின் அளவை ஏற்றினர். ஆலைகள் வேலை நாளை மாற்றி அமைத்தன. மின்வெட்டு வருமென்று அஞ்சிய கோடை மின்வெட்டின்றிக் கழிந்தது. அவர்களை நெருக்கியது ஒரு பேராபத்து. நமக்கும் அத்தகைய ஆபத்து வந்தாலன்றிப் புத்தி வராதா?

கணக்கொன்று சொல்லி முடிப்போம். நம் ஜில்லாவில், 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, 26 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களுடைய வீடுகளில் ஒரு லட்சம் வீடுகள் மட்டும் மேற்சொன்ன குமாஸ்தாவைப் போல நடந்தால், வருஷத்துக்குச் சுமார் 10 கோடி யூனிட் மிச்சம். கரியில் சொன்னால் ஏறக்குறைய ஒரு லட்சம் டன். நெய்வேலியின் கரிப்படிவத்தைச் சுமார் 15 மீட்டர் தடிமனாகக் கொண்டால், ஏறக்குறைய ஒரு காணி நிலத்தின் அடியில் கிடக்கும் கரி இது. கோடிக்கணக்கான டன் எடுக்கும் சுரங்கத்துக்கு இது அற்பமே. "வருஷத்துக்கு ஒரு காணிதானா?" என்று நகைப்பவர், அந்தக் காணிக்கு உடையவனிடம் சென்று நகைக்கட்டும். அவனுக்கு அது அற்பமன்று. அதுவே அவன் உலகம்.

நெய்வேலிக்கு அருகிலேயே வடலூர் இருக்கிறது. இராமலிங்க அடிகளார் 1867-இல் அங்கே மூட்டிய தருமசாலை அடுப்பு, பசித்தவருக்காக இன்றளவும் அணையாமல் எரிகிறது. அணையாத அடுப்பு நம் ஜில்லாவின் புகழ். அணையாத விளக்கு அதன் புகழாகாது. அந்த அடுப்பு ஒருவன் பசியைத் தீர்க்கிறது. யாருமற்ற அறையில் எரியும் விளக்கோ ஒருவன் நிலத்தைத் தின்கிறது. இரண்டும் நெருப்புத்தான். எதை வளர்ப்பது, எதைத் தணிப்பது என்று அறிவதே விவேகம். இன்றிரவு படுக்கப் போகுமுன் நேயர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டை ஒரு முறை சுற்றி வருவார்களாக. மேடையில் நாளை பேசப் போவதை இன்றிரவே தம் வீட்டில் செய்து முடிப்பார்களாக.